அழுதால் என்ன ஆகும், ஊதினால் என்ன ஆகும்? மோயமோயா ஆபரேஷனுக்குப் பிறகு: வாசகர் கேள்வி – பதில்

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனிகள் இரண்டும், மண்டைக்குள் போய்க் கிளை பிரிகிற இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகும் நோய்க்கு மோயமோயா என்று பெயர். ஏன் சுருங்குகிறது என்பதற்குப் பெரும்பாலான குழந்தைகளில் தெளிவான காரணம் கிடைப்பதில்லை. 1957இல் ஜப்பான் மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்கள். அடைபட்ட இடத்தைச் சுற்றி நூல் நூலாக முளைக்கும் குழாய்கள் ஆஞ்சியோகிராம் படத்தில் புகை மூட்டம் போலத் தெரியும். அதற்கான ஜப்பானியச் சொல்லே 1969இல் நோயின் பெயராயிற்று. ஓடி விளையாடும் குழந்தைக்குத் திடீரென்று ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வதற்கு இது ஓர் அரிய காரணம். மதுரையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு, குழந்தை நரம்பியலிலும் மறுவாழ்வுப் பயிற்சியிலும் இருப்பவர்கள் இங்கே பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயரை வெளியிடவில்லை.

மேலூர் வாசகி: மகளுக்கு 4 வயது. இடது பக்கம் ஆபரேஷன் முடிந்து 7 வாரம் ஆகிறது. போன வாரம் மறுபடியும் வலது கை 5 நிமிடம் துவண்டு, பிறகு சரியாகிவிட்டது. ஆபரேஷன் பலிக்கவில்லையா?

வலது கையை இயக்குவது மூளையின் இடது பாதிதான். என்றாலும் பலிக்கவில்லை என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் செய்வது மறைமுக பைபாஸ். காதுக்கு முன்னால் விரலை வைத்தால் துடிக்கிறதே, அந்த உச்சந்தலைத் தமனியை அறுக்காமல் அப்படியே எடுத்து, மண்டை ஓட்டில் சிறு ஜன்னல் திறந்து, மூளையின் மேல் படியும்படி வைத்துத் தைத்துவிடுவார்கள். பெரிய வாய்க்கால் தூர்ந்துபோன வயலுக்கு அடுத்த வாய்க்காலை வரப்போரமாகத் திருப்பி விடுவது மாதிரி. ஆனால் தண்ணீரைப் போல ரத்தம் அன்றைக்கே பாய்ந்துவிடாது. அந்தத் தமனியிலிருந்து மூளைக்குள் புதுக் குழாய்கள் வேர் விட்டு இறங்க வேண்டும். அதற்கு 3 மாதம் முதல் 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரை ஆகும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் தமனியோடு தமனியை நேரடியாகத் தைத்து இணைத்தால் ரத்தம் உடனே போகும். ஆனால் 4 வயதுக் குழந்தையின் மூளைத் தமனி ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாமல் இருக்கலாம். தைத்தாலும் அடைத்துக்கொள்ளும் அபாயம் அதிகம்.

ஆகவே வேர் விடும் காலம் முழுவதும் மூளை பழைய குறைந்த ரத்தத்தை வைத்தே ஓட்டுகிறது. அதிலும் முதல் 30 நாள்தான் அபாயம் கூடிய காலம். 7 வாரம் தாண்டிவிட்டீர்கள் என்பது ஆறுதல்தான், என்றாலும் அந்த 5 நிமிடத் துவளலை அறுவை செய்த மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். அழுத பிறகா, காய்ச்சலிலா, வெயிலில் விளையாடி வந்தா, காலையில் எழுந்தவுடனா என்று எழுதி எடுத்துப் போங்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் தண்ணீர் போதவில்லையா, மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அவர் யோசிப்பார்.

உசிலம்பட்டி வாசகி: மகன் 3 வயது. "அழவே விடக்கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கேட்டதை எல்லாம் கொடுக்கிறோம். "இப்படிச் செல்லம் குடுத்தா நாளைக்கு அடங்குவானா?" என்று அவன் அப்பத்தா சண்டை பிடிக்கிறார்கள். நான் என்ன செய்ய?

அப்பத்தா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, டாக்டர் சொன்னதும் உண்மை. இரண்டையும் சேர்த்துக்கொண்டு போக வழி உண்டு.

முதலில் அழுகையில் என்ன நடக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் புரிய வேண்டும். விம்மி விம்மி அழும்போது குழந்தை வேக வேகமாக மூச்சு வாங்குகிறது. ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். நமக்குச் சுருங்கினால் லேசாகத் தலை சுற்றும், அவ்வளவுதான். ஏற்கெனவே சொட்டுச் சொட்டாக ரத்தம் போகிற இந்தக் குழந்தைக்கு அதுவே கை கால் துவளவும், பேச்சுக் குழறவும், சில வேளை நிரந்தரப் பக்கவாதத்துக்கும் போதும். பல குழந்தைகளுக்கு நோய் முதன்முதலில் வெளிப்படுவதே ஒரு பெரிய அழுகைக்குப் பிறகுதான். "அழுது அழுது களைச்சுப் போய் கையைத் தொங்கப் போட்டான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

சிணுங்கலுக்கும் கோபக் கத்தலுக்கும் இவ்வளவு பயம் வேண்டியதில்லை. மூச்சு விடாமல் பல நிமிடம் தேம்பித் தேம்பி அழுவதைத்தான் தடுக்க வேண்டும். செல்போன் வேண்டும் என்று அழுதால் செல்போனைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அழுகைக்கு விலை உண்டு என்று அவன் கற்றுக்கொள்வான், நாளைக்கு அழுகை இன்னும் கூடும். அவனைத் தூக்கி இடத்தை மாற்றுங்கள். வாசலுக்கு வாருங்கள், ஆட்டுக்குட்டியைக் காட்டுங்கள், இரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள். குடிக்கிற வாய் அழ முடியாது, மூச்சும் தானாக நிதானப்படும். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீங்கள் மெதுவாக, அவன் காதில் விழும்படி மூச்சு விடுங்கள். தாலாட்டோ, அவனுக்குத் தெரிந்த பாட்டோ முணுமுணுங்கள். கண்டிப்பதும் மறுப்பதும் அவன் அடங்கிய பிறகு இருக்கட்டும். "அழுகையை நிறுத்து, இல்லேன்னா அடிப்பேன்" என்பது மட்டும் இந்த ஒரு வருடம் வீட்டில் கேட்கவே கூடாது. அப்பாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அழுகைக்குக் காரணமான பசி, தூக்கம், வலி மூன்றையும் முந்திக்கொள்ளுங்கள். சாப்பாடும் தூக்கமும் நேரத்துக்கு நடந்தாலே அழுகை பெருமளவு குறையும். தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை என்றால் மரத்துப்போகும் களிம்பு முன்கூட்டியே தடவச் சொல்லிக் கேளுங்கள்.

ஊதுவதும் அழுவது மாதிரிதான். பலூன், பீப்பி, புல்லாங்குழல், பிறந்தநாள் மெழுகுவத்தி எதுவும் வேண்டாம். திருவிழாவுக்குப் போனால் பலூனை ஊதிக் கட்டியே வாங்கிக் கொடுங்கள். சூடான இட்லியையோ பாலையோ "ஊதிக் குடி" என்று சொல்லிப் பழக்காமல் ஆறவைத்தே கொடுங்கள். காரம் தூக்கலான சால்னாவைச் சாப்பிட்டு "உஸ் உஸ்" என்று மூச்சு வாங்குவதும் இதே கணக்குத்தான்.

திருமங்கலம் வாசகர்: "தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள்" என்கிறார்கள். நிறைய என்றால் எவ்வளவு? பேத்தி 16 கிலோ.

இந்தக் கேள்வியை எல்லாப் பெற்றோரும் கேட்க வேண்டும். 'நிறைய' என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் டம்ளரில் ஊற்ற முடியாது.

குழந்தையின் எடையில் முதல் 10 கிலோவுக்கு 1,000 மில்லி. அதற்கு மேல் 20 கிலோ வரை ஒவ்வொரு கிலோவுக்கும் 50 மில்லி. உங்கள் பேத்திக்கு 1,000 + 300 = 1,300 மில்லி. இது சாதாரண நாளின் அடிப்படை அளவு. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு மூன்று நாள் இதைப்போல ஒன்றரை மடங்கு டிரிப்ஸ் ஏற்றுவது பல இடங்களில் வழக்கம். வீட்டில் 1,300க்குக் கீழே ஒரு நாளும் போக வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் 1,600, 1,800 வரை போகலாம். இதயம் அல்லது சிறுநீரகத்தில் குறை இருக்கும் குழந்தைக்கு மட்டும் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

பால், மோர், ரசம், கஞ்சித் தண்ணீர், இளநீர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். நுங்கும் தர்பூசணியும் உபரி. 200 மில்லி டம்ளரைத் தனியாக எடுத்துவைத்து, குடித்து முடிக்கும்போதெல்லாம் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். 7 கோடு வந்தால் 1,400. காலையில் எழுந்தவுடன் ஒன்று, படுக்கும் முன் ஒன்று கட்டாயம். ராத்திரி முழுக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்து விடியற்காலையில் எழும் நேரம் உடம்பு வறண்டிருக்கும். படுக்கை நனையுமே என்று ராத்திரித் தண்ணீரைக் குறைக்கிற வீடுகள் நிறைய. ரப்பர் ஷீட்டை விரியுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. எலுமிச்சைச் சாறு நிறத்தைத் தாண்டினால் போதவில்லை. ஒரேயடியாக ஒரு லிட்டர் வெறும் தண்ணீரைப் புகட்டுவதும் தப்பு. ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கி வலிப்பு வரலாம். அரை மணிக்கு ஒரு தடவை கால் டம்ளர் என்பதுதான் தாங்கும்.

வயிற்றுப்போக்கு வந்தால் காத்திருக்க வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. அளவு பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், அதை மாற்றிக் கரைத்தால் பலனில்லை. 2 வயது தாண்டிய குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போனதற்கும் 100 முதல் 200 மில்லி. இரண்டு மூன்று தடவை வாந்தி எடுத்து எதுவும் தங்கவில்லை என்றால், மற்ற குழந்தைக்கு "சாயங்காலம் வரை பார்ப்போம்" என்று இருக்கலாம். இவளுக்கு உடனே டிரிப்ஸ் போட வேண்டும். மலைப்பாதைப் பயணத்தில் வாந்தி எடுக்கும் குழந்தை என்றால் கொடைக்கானலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள்.

சோழவந்தான் வாசகர்: மகனுக்கு தினமும் ஆஸ்பிரின். "இது ஹார்ட் மாத்திரை, சின்னப் பையனுக்கு ஆகாது" என்று மருந்துக்கடையில் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். சுருங்கிய குழாயில் ரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. வழக்கமான அளவு, கிலோவுக்கு 2 முதல் 5 மில்லிகிராம். அதனால் 75 மில்லிகிராம் மாத்திரையில் பாதியோ முழுதோ எழுதியிருப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். தலைவலிக்கென்று விற்கும் ஆஸ்பிரின் அதைப்போல நாலு மடங்குக்கும் மேல். கைமாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் பயத்திலும் காரணம் இருக்கிறது. இன்ஃபுளுயென்சா காய்ச்சலோ சின்னம்மையோ (சிக்கன்பாக்ஸ்) இருக்கும்போது ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்கு ரை நோய் என்று கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ஆபத்து அபூர்வமாக வரும். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை ஃபுளூ தடுப்பூசி அவனுக்கும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் போடுங்கள். சின்னம்மைத் தடுப்பூசியை மட்டும் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும், ஏனென்றால் போட்ட பிறகு 6 வாரம் ஆஸ்பிரின் கூடாது என்று விதி. வீட்டிலோ பள்ளியிலோ யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். வேப்பிலை கட்டி வீட்டோடு வைத்துக்கொண்டு, ஆஸ்பிரினையும் தொடர்வதுதான் நடக்கக்கூடாத சங்கதி.

நம் ஊரில் அதைவிட அதிகம் பார்ப்பது டெங்கு. மழைக் காலத்தில் காய்ச்சல் என்றால் முதல் நாளே காட்டுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறான் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டெங்குவில் தட்டணுக்கள் இறங்கும், ஆஸ்பிரின் அவற்றை வேலை செய்ய விடாது, இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு. எத்தனை நாள் நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதைக் காய்ச்சலுக்குப் பார்ப்பவரும் அறுவை செய்தவருமாக இரண்டு மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணிக்கு ஒரு தடவை. 16 கிலோவுக்கு 240 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120 என்றும் 250 என்றும் இரண்டு வகை விற்கிறார்கள். முதலாவது என்றால் 10 மில்லி, இரண்டாவது என்றால் 5 மில்லிக்குச் சற்றுக் கம்மி. லேபிளைப் படிக்காமல் மூடியை நிரப்பாதீர்கள். ஐபுபுரூஃபன் வேண்டாம், அது ஆஸ்பிரின் வேலையைக் கெடுக்கும். சளி சிரப்பில் ஃபினைலெஃப்ரின் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து அது. குளோர்ஃபெனிரமினோடு அதைக் கலந்த சிரப்பை 4 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் கொடுக்கக்கூடாது என்று 2023இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது.

அலங்காநல்லூர் வாசகி: பிள்ளை பிழைத்து வந்தால் அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டிக்கொண்டோம். எப்போது செய்யலாம்?

வேண்டுதலை விட வேண்டாம், நாளை மட்டும் தள்ளிவையுங்கள். குறைந்தது ஒரு வருடம், ஸ்கேனில் புதுக் குழாய் நன்றாக வளர்ந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லும்வரை.

காரணம் இரண்டு. காதுக்கு முன்னாலிருந்து உச்சி நோக்கிப் போகும் அந்தத் தழும்புக்கு அடியில்தான் குழந்தையின் மூளைக்குப் போகும் தமனி இருக்கிறது. சவரக்கத்தி அங்கே கீறிவிடக்கூடாது. தாய்மாமன் மடியில் தலையை இறுக்கிப் பிடித்து அழுத்துவதும் கூடாது. அடுத்தது, கூட்டத்தில், வெயிலில், பசியில், பயந்து வீறிடும் குழந்தையின் அழுகை. அழுகை என்ன செய்யும் என்று மேலே சொல்லியிருக்கிறோம். நாள் வரும்போது கத்திக்குப் பதில் மெஷினில் ஒட்ட வெட்டி, காதை முன்பே மரத்துப்போகச் செய்து மருத்துவமனையில் குத்தி, கிடாவெட்டும் விருந்தும் கோவிலில் வைத்துக்கொள்ளலாம். அழகர் ஏற்றுக்கொள்வார்.

அதுவரை அந்தத் தமனியை எதுவும் அமுக்காமல் பாருங்கள். இறுக்கமான தொப்பி, தலைப்பட்டை, காதோரம் கடிக்கும் மூக்குக் கண்ணாடி, எதுவும் ஆகாது. ஹெல்மெட் அவசியம்தான். ஆனால் தழும்பை அழுத்தாத ஹெல்மெட் எது என்று அறுவை மருத்துவரிடம் காட்டிக் கேட்கும்வரை பைக்கில் ஏற்றாமல் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கூட்டிப் போங்கள். தையல் பிரித்துப் பொருக்கு முழுக்க உதிர்ந்த பின் தேங்காய் எண்ணெய் தொட்டுவைக்கலாம், அரக்கித் தேய்க்க வேண்டாம். தலைக்கு ஊற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ரத்த அழுத்தம் இறங்கித் துவண்டுவிடும். பொட்டுப் பக்கம் வீக்கம் கூடினால், தழும்பிலிருந்து தெளிந்த நீர் கசிந்தால், காய்ச்சலோடு சிவந்தால் அன்றே காட்டுங்கள். மெல்லும் தசையையும் நகர்த்தியிருந்தால் இரண்டு மூன்று வாரம் வாய் திறக்க வலிக்கும். இட்லி, குழைந்த சாதம் போதும். முறுக்கும் கரும்பும் பிறகு.

வாடிப்பட்டி வாசகி: மகளுக்கு 5 வயது. வலது கை இருந்தும் இல்லாத மாதிரி, எல்லாவற்றையும் இடது கையால் செய்துகொள்கிறாள். எப்படிப் பழக்குவது?

பழகாத கையை மூளை மறந்துவிடும். ஆகவே நல்ல கைக்கு ஒரு துணி உறை மாட்டி, கெட்ட கைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. இதைப் பயிற்சியாளர் சொல்லும் நேரத்துக்கு மட்டும், அவர் காட்டியபடி செய்யுங்கள். நாள் முழுக்க உறை போட்டுவைத்தால் ஆத்திரத்தில் அழுவாள், அதுதான் நமக்கு ஆகாதது. அரை மணி, விளையாட்டாக.

வீட்டிலேயே சாமான் இருக்கிறது. பூரி மாவை உருண்டை பிடிக்கச் சொல்லுங்கள். பச்சைப் பட்டாணியை உரிக்கக் கொடுங்கள், தோல் மெத்தென்று இருக்கும். அது வந்த பிறகு அவித்த வேர்க்கடலை. பல்லாங்குழியில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகக் குழியில் போட வேண்டும். மூடிய கை விரிவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. முதலில் பெரிய சோழி, பிறகு கொட்டை. இரண்டு கையும் சேர வேண்டிய வேலையும் வேண்டும். மல்லிகைப்பூவைக் காம்பு காம்பாகச் சேர்த்து நீங்கள் கட்டும்போது, எடுத்துக் கொடுக்கும் வேலையை வலது கையிடம் விடுங்கள். துவண்ட கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோள்பட்டை இறங்கிவிடும். அக்குளில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்குங்கள்.

வாரம் மூன்று தடவை மதுரைக்கு வந்துபோக முடியாதவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தைக் கேளுங்கள். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு அங்கே இயன்முறைப் பயிற்சி உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்தும் இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். ஊனத்தின் அளவு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று கிடைத்தால் 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பல சலுகைகள் உண்டு. அடையாள அட்டைக்கு இப்போதே பதிந்துவையுங்கள்.

பயிற்சியாளரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: நுரையீரல் பயிற்சி என்று பலூன் ஊதச் சொன்னால், இந்தக் குழந்தைக்கு அது ஆகாது.

மதுரை அண்ணாநகர் வாசகர்: மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம். ஆசிரியரிடம் எவ்வளவு சொல்வது?

முழுவதும் சொல்லுங்கள், ஒரே பக்கத்தில் எழுதியும் கொடுங்கள். தண்ணீர் பாட்டில் பையில் இருக்கக்கூடாது, மேசை மேல் இருக்க வேண்டும். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் நாலு வாய். கேட்டவுடன் பாத்ரூமுக்கு விட வேண்டும். இதில்தான் பல பள்ளிகளில் சிக்கல். கழிப்பறை சுத்தமில்லை என்றால் குழந்தைகள் தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். சேர்க்கும் முன்பு நீங்களே போய்க் கழிப்பறையைப் பாருங்கள்.

வெயிலில் டிரில், ஓட்டப்பந்தயம், தோப்புக்கரணம், முட்டி போடவைப்பது இந்த வருடம் கிடையாது. நிழலில், களைத்தால் உட்காரும் விளையாட்டு எதுவும் ஆகலாம், விளையாடாமல் ஓரத்தில் உட்காரவைக்கவும் வேண்டாம். எழுதும்போது பென்சில் கை நழுவினால், பேச்சு திடீரென்று குழறினால், சொன்னது விளங்காமல் விழித்தால் அது கவனக்குறைவு இல்லை என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். பாடம் பிடிபட மற்றவரைவிட நேரம் ஆகலாம். முன்பே பக்கவாதம் வந்த இடத்தைப் பொறுத்து அது மாறும்.

பேரையூர் வாசகி: சின்னவனுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

ஒரு பிள்ளைக்கு மட்டும் இருந்து, மற்றவனுக்கு எந்த அறிகுறியும் இல்லை என்றால் பொதுவாக வேண்டாம். அடிக்கடி தலைவலி, கை கால் மரத்துப்போவது, வலிப்பு ஏதாவது இருந்தால், அல்லது குடும்பத்தில் இன்னொருவருக்கும் இந்த நோய் இருந்தால் எடுக்க வேண்டும். உடம்பில் 6 அல்லது அதற்கு மேல் பால்காபி நிறத் திட்டுகள் இருந்தாலும் காட்டுங்கள். அது வேறொரு பரம்பரை நோயின் அடையாளம், அதோடும் மோயமோயா வரும். கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டதாலோ செய்ததாலோ இது வரவில்லை.

திருப்பரங்குன்றம் வாசகர்: திடீரென்று ஒரு பக்கம் துவண்டால் முதல் 10 நிமிடம் என்ன செய்ய?

மணியைப் பாருங்கள். படுக்கவையுங்கள், தலையணை வேண்டாம். அழுதால் சமாதானப்படுத்துங்கள். முழு நினைவோடு நன்றாக விழுங்க முடிந்தால் மட்டும் தண்ணீர், இல்லையென்றால் வாயில் எதுவும் விடாதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வழியிலேயே சரியாகிவிட்டாலும் வண்டியைத் திருப்ப வேண்டாம். வலிப்பு வந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து நேரம் குறியுங்கள். கையில் சாவி கொடுப்பதும் பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதும் வேண்டாம். டிரிப்ஸ் தொடங்க வேண்டும், ரத்த அழுத்தத்தை இறக்கக்கூடாது: இந்த இரண்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் அறுவை மருத்துவரை எழுதித்தரச் சொல்லி, நகலை எப்போதும் பையில் வையுங்கள். ராத்திரிப் பணியில் இருப்பவர் இந்த நோயைப் பார்த்தே இராதவராக இருக்கலாம்.

மேலூரிலிருந்து இன்னொரு வாசகர்: அடுத்த மாதம் எம்.ஆர்.ஐ., மயக்க மருந்து கொடுத்து. அதற்கு முன் இ.இ.ஜி.யும் (மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) எழுதியிருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது என்ன?

பட்டினிதான். ராத்திரி 10 மணிக்குச் சாப்பிட்டு, காலை 11 மணிக்கு ஸ்கேன் என்றால் 13 மணி நேரம் வறட்சி, பசி, அழுகை. நாளின் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். தண்ணீரோ இளநீரோ எதை எந்த மணி வரை கொடுக்கலாம் என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் 2 மணி நேரத்துக்கு முன் வரை தெளிந்த நீர் கொடுக்க விடுவார்கள். நேரம் தள்ளிப்போனால் டிரிப்ஸ் போடச் சொல்லுங்கள். ரத்த சோகையையும் அதே நாளில் பார்த்துவிடலாம். 5 வயதுக்குள் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் மூளைக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் பலமில்லாத ரத்தமாகிவிடும்.

இ.இ.ஜி. எடுக்கும்போது காகிதக் காற்றாடியைக் கொடுத்து 3 நிமிடம் ஊதச் சொல்வது வழக்கமான ஒரு கட்டம். எடுப்பவர் நோயின் பெயரைக் கவனிக்காமல் சொல்லிவிடலாம். உள்ளே போகும் முன், "மோயமோயா, ஊதவைக்கக் கூடாது" என்று சீட்டின் மேலேயே சிவப்புப் பேனாவில் எழுதிக் கொடுங்கள்.